குரலுக்கு ஒரு சீட்டு, மெட்டுக்கு ஒரு சீட்டு

கேள்வி: எனக்கு 26 வயது. தென்காசிப் பக்கம் ஒரு கிராமம். பி.காம். முடித்துவிட்டு ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பள்ளிக்கூட நாளிலிருந்தே மெல்லிசைக் குழுவில் பாடுகிறேன். கோயில் கொடை, கல்யாண வரவேற்பு என்று மாதம் நாலைந்து கச்சேரி வரும். சொந்தமாக மெட்டும் போடுவேன். கைப்பேசியில் முப்பதுக்கு மேல் பதிவு செய்து வைத்திருக்கிறேன். போன மாதம் ஒரு சிறிய படத்தின் தயாரிப்பாளர் அதில் ஒன்றைக் கேட்டுவிட்டு, "இதையே படத்தில் வைக்கிறோம், நீங்களே பாடுங்கள், மொத்தமாக 25,000 ரூபாய் தருகிறோம்" என்றார். இரண்டு பக்க ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறார். எல்லா உரிமைகளையும் உலகம் முழுவதுக்கும், என்றென்றைக்கும், இனி வரப்போகும் எல்லா ஊடகங்களுக்கும் எழுதிக் கொடுப்பதாக அதில் இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா? நான் பாடகியாக முயற்சி செய்ய வேண்டுமா, இசையமைப்பாளராகவா? வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்கு வரலாமா? அப்பா வேண்டவே வேண்டாம் என்கிறார்.

அன்புள்ள தங்கைக்கு,

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய இரண்டு பதிவுகளையும் கேட்டேன். முதலாவது, கொடைக் கச்சேரியில் நீங்கள் பாடிய ஜானகியம்மா பாட்டு. சுருதி பிசகவில்லை, சங்கதி எல்லாம் சுத்தம். ஆனால் அதைக் கேட்ட ஐந்து நிமிடமும் என் மனதில் ஜானகியம்மாதான் இருந்தார். உங்கள் குரல் எது என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது, வீட்டில் மேஜையைத் தட்டிக்கொண்டே கைப்பேசியில் பிடித்த உங்கள் சொந்த மெட்டு. பின்னால் குக்கர் விசில் அடிக்கிறது. வரிகூட முழுதாக இல்லை, பாதி தத்தகாரம். ஆபேரி ராகத்தின் சாயலில் போகிறது. பல்லவி முடிகிற இடத்தில் எல்லோரும் எதிர்பார்க்கிற மாதிரி ஆதார சுரமான சட்ஜமத்தில் வந்து உட்காராமல், அதற்கு முந்தைய நிஷாதத்திலேயே நிறுத்தி, ஒரு மூச்சு விட்டுவிட்டு மறுபடி முதல் வரிக்குப் போகிறீர்கள். அந்த மூச்சுக்காகவே நான்கு முறை திருப்பிக் கேட்டேன். யாரையும் பார்த்துச் செய்ததாகத் தெரியவில்லை. இங்கேதான் உங்கள் குரலும் எனக்கு முதல் தடவையாகக் கேட்டது.

அதனால் உங்கள் மூன்று கேள்விகளில் நடுவில் இருக்கிற கேள்விக்கான பதில் எனக்கு அங்கேயே கிடைத்துவிட்டது. ஆனால் அவசரம் ஒப்பந்தத்துக்குத்தான். அதை முதலில் பார்ப்போம்.

கையெழுத்து இப்போது போடாதீர்கள். வாய்ப்பை வேண்டாம் என்று சொல்லவும் வேண்டாம். "நாலு வரி மாற்ற வேண்டியிருக்கிறது, மாற்றித் தந்தால் போடுகிறேன்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். நியாயமான தயாரிப்பாளருக்கு இதில் கோபப்பட ஒன்றுமில்லை.

அந்த 25,000 ரூபாயை ஒரே தொகையாகப் போட்டிருக்கிறார்களே, அதில்தான் சிக்கல். நீங்கள் அவருக்குக் கொடுப்பது ஒரு பொருள் இல்லை, இரண்டு பொருள். மெட்டு ஒன்று. அது இசைப் படைப்பு. அதற்கு நீங்கள் ஆசிரியர். குரல் இன்னொன்று. அது நிகழ்த்துகலைஞருடைய உரிமை. சட்டத்தில் அதற்குத் தனி இடம். வரிகளையும் நீங்களே எழுதினால் மூன்றாவதாக ஒன்று சேரும். மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஒரே விலை போட்டால், பிற்பாடு எதற்கு எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. பாடியதற்கு ஒரு தொகை, மெட்டுக்கு ஒரு தொகை என்று இரண்டு பத்தியாக எழுதச் சொல்லுங்கள். கூட்டுத்தொகை அதே 25,000 ஆக இருந்தாலும் பரவாயில்லை, பிரித்து எழுதியிருக்க வேண்டும்.

அப்புறம், "மொத்தமாக" என்கிற சொல்லை நன்றாக விசாரியுங்கள். எங்கள் தொழிலில் பேக்கேஜ் என்று ஒன்று உண்டு. ஒரு தொகையைக் கையில் கொடுத்துவிட்டு, வாத்தியக்காரர்கள் சம்பளம், ஸ்டுடியோ வாடகை, மிக்ஸிங், மாஸ்டரிங் எல்லாவற்றையும் இசையமைப்பாளரே அதிலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிடுவார்கள். முதல் படம் என்ற ஆசையில் ஒப்புக்கொண்டு, அம்மாவின் நகையை அடகு வைத்து வயலின்காரர்களுக்குச் சம்பளம் கொடுத்த பையன்களை எனக்குத் தெரியும். 25,000 ரூபாயில் புல்லாங்குழலும் தபலாவும் வைத்து ஒரு பாட்டைப் பதிவு செய்து முடித்தால் உங்கள் கையில் எதுவும் மிஞ்சாது. தயாரிப்புச் செலவு யாருடையது என்பதை ஒரே வரியில் எழுதி வாங்குங்கள்.

சட்டம் உங்கள் பக்கம் எவ்வளவு தூரம் நிற்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1977-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. படத்துக்காகத் தயாரிப்பாளர் காசு கொடுத்துப் போடச் சொன்ன மெட்டு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் தயாரிப்பாளருக்கே சொந்தம் என்பது அதன் சாரம். அடுத்த முப்பத்தைந்து வருடம் இசையமைப்பாளரும் கவிஞரும் ஒரு தடவை காசு வாங்கிக்கொண்டு வெளியே போனவர்களாகவே இருந்தார்கள். 2012-ல்தான் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது 18-வது பிரிவு சொல்வது இது: உங்கள் மெட்டின் உரிமையை நீங்கள் எழுதிக் கொடுத்துவிட்டாலும், ராயல்டி, அதாவது மெட்டு பயன்படும்போதெல்லாம் வரும் பங்குத்தொகை, வாங்கும் உரிமையை எழுதிக் கொடுக்க முடியாது. தியேட்டரில் படத்தோடு ஓடுவது மட்டும் விலக்கு. வானொலி, தொலைக்காட்சி, செயலி, மேடை என்று மற்ற எந்த வழியில் அந்த மெட்டு பயன்பட்டாலும், உரிமையை வாங்கியவரும் நீங்களும் சமமாகப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். வாரிசுக்கோ, ராயல்டியை வசூலித்துத் தரும் பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் அந்தப் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதினால் அந்த எழுத்து செல்லாது.

"செல்லாது என்றால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாமே" என்று தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். செல்லாது என்று நிரூபிக்க வழக்குப் போட வேண்டும். தென்காசியிலிருந்து அலைந்து வழக்கு நடத்துவதைவிட இன்றைக்கு ஒரு வரியை அடிக்கச் சொல்வது எளிது.

19-வது பிரிவையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம், எந்த எல்லைக்கு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்று அதில் இருக்கிறது. உங்களுக்கு வந்த தாளில் "என்றென்றைக்கும்", "உலகம் முழுவதும்" என்று இருப்பது அதனால்தான். அந்தச் சொற்கள் அலங்காரத்துக்கு இல்லை. எழுதாமல் விட்டால் உங்களிடம் தங்கிவிடுவதை எடுத்துக்கொள்வதற்காக எழுதுகிறார்கள். படத்தோடு சேர்ந்து உலகம் முழுவதும் ஓடட்டும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. படத்துக்கு வெளியே அந்த மெட்டை விளம்பரத்துக்கோ வேறு படத்துக்கோ எடுத்தால் தனியாகக் கேட்க வேண்டும், தனியாகக் காசு கொடுக்க வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள்.

பாடகிக்கு என்ன கிடைக்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். படத்துக்குப் பாட எழுத்தில் சம்மதித்துவிட்டால் அந்தப் பதிவைத் தயாரிப்பாளர் படத்தில் பயன்படுத்துவதை நீங்கள் தடுக்க முடியாது. ஆனால் வணிகப் பயன்பாட்டுக்கு ராயல்டி பெறும் உரிமை பாடகருக்கும் உண்டு. பாடியவர் யார் என்று பெயர் போட வேண்டும் என்பதையும் 38-பி பிரிவு உரிமையாகவே சொல்கிறது.

இந்த விஷயத்தில் நான் பட்டது ஒன்று உண்டு. 2004 என்று நினைவு. ஒரு பாட்டுக்கு டிராக், அதாவது மாதிரிக் குரல், பாடக் கூப்பிட்டார்கள். பெரிய பாடகி வெளியூரில் இருக்கிறார், வந்ததும் மாற்றிவிடுவோம் என்றார்கள். மாலை ஆறு மணிக்குப் பாடிப் பதிவு செய்கிற பூத்துக்குள் போனேன், ஒன்பதரைக்கு வெளியே வந்தேன். வவுச்சரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கவரைக் கொடுத்தார்கள். நான்கு மாதம் கழித்து தாம்பரத்தில் பேருந்து ஏறி உட்காருகிறேன், ஓட்டுநர் வைத்திருந்த பண்பலையில் அந்தப் பாட்டு. பல்லவியும் சரணமும் பெரிய பாடகியின் குரல். நடுவில் வருகிற ஆலாபனையும் கடைசியில் வருகிற ஹம்மிங்கும் என் குரல். ஓர் இடத்தில் எனக்கு லேசாகத் தொண்டை கட்டியிருந்தது. அதுகூட அப்படியே இருந்தது. பக்கத்தில் இருந்த அம்மாளிடம் "இது நான்" என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. குறுந்தகட்டு உறையில் என் பெயர் இல்லை. போய்க் கேட்டேன். "டிராக்குக்குத்தானே வந்தீர்கள்" என்றார்கள். என்னிடம் காட்ட ஒரு துண்டுச் சீட்டு இல்லை. அன்றைக்கு நான் கையெழுத்துப் போட்ட வவுச்சரில் என்ன எழுதியிருந்தது என்றுகூடப் படித்துப் பார்க்கவில்லை. இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, அந்தப் பாட்டு எங்கே ஒலித்தாலும் நான் நின்றுவிடுகிறேன். அதனால்தான் உங்களிடம் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்: படத்தின் டைட்டிலிலும், பாட்டை வெளியிடும் ஒவ்வொரு செயலியிலும் "இசை" என்ற இடத்திலும் "பாடியவர்" என்ற இடத்திலும் உங்கள் பெயர் வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

எங்கள் காலத்தில் இல்லாத இன்னொரு வரியும் வேண்டும். 2024-ல் ஏ.ஆர்.ரஹ்மான், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவரின் குரலையும் செயற்கை நுண்ணறிவின் துணையோடு ஒரு பாட்டில் கொண்டுவந்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, அதற்கான தொகையும் கொடுத்ததாக அவரே சொன்னார். அதே வருடம் ஜனவரியில் மறைந்த பாடகி பவதாரிணியின் குரலை, தம்பி யுவன் சங்கர் ராஜா தன் பாட்டு ஒன்றில் அதே முறையில் திரும்பக் கேட்க வைத்தார். இரண்டும் உரியவர்களைக் கேட்டு, அன்போடு செய்யப்பட்டவை. ஆனால் நீங்கள் மூன்று மணி நேரம் பாடிக் கொடுத்த தனிக்குரல் பதிவு ஒரு கணினியில் கிடக்கும். அதை வைத்து நீங்கள் பாடாத பாட்டை உங்கள் குரலில் பாட வைக்க இன்றைக்குப் பெரிய ஸ்டுடியோ தேவையில்லை. "இனி வரப்போகும் எல்லா ஊடகங்களுக்கும்" என்ற வரியை அப்படியே விட்டால், இதற்கும் நீங்கள் சம்மதித்ததாக ஒருவர் வாதாடலாம். என் குரலைக் கொண்டு செயற்கைக் குரல் உருவாக்கக் கூடாது, உருவாக்குவதானால் தனியே எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்று தெளிவாகச் சேருங்கள்.

நான் வழக்கறிஞர் இல்லை. இத்தனை வருடத்தில் பார்த்ததையும் படித்ததையும் சொல்கிறேன். தாளை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். செலவுக்கு யோசிக்க வேண்டாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாகவே சட்ட உதவி உண்டு, நீதிமன்ற வளாகத்தில் விசாரித்தால் போதும். மெட்டின் பதிவைத் தேதியோடு உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்ய இசைப் படைப்புக்கு 500 ரூபாய்தான் கட்டணம், இணையத்திலேயே செய்யலாம். பதிவு செய்யாவிட்டாலும் உரிமை உங்களுடையதே, தகராறு வந்தால் காட்டுவதற்கு ஒரு தாள் இருக்கட்டும் என்பதற்காகச் சொல்கிறேன். பாட்டு வெளியானதும் மெட்டுக்கு ஐ.பி.ஆர்.எஸ்., குரலுக்கு இசாம்ரா என்று இரண்டு சங்கங்களிலும் உறுப்பினராக விண்ணப்பியுங்கள். இரண்டு உரிமை இருப்பதால்தான் இரண்டு சங்கம்.

சரி, பாடகியா, இசையமைப்பாளரா?

பாடகியின் தொழில் கூப்பிடக் காத்திருக்கும் தொழில். குரல் எவ்வளவு நன்றாக இருந்தாலும், வேறொருவர் மெட்டுப் போட்டு, இதற்கு இந்தக் குரல் என்று நினைத்து, தொலைபேசியை எடுக்க வேண்டும். அந்த நினைப்பில் படத்தின் கதாநாயகி யார், இப்போது காதில் புழங்குகிற குரல் எது, இயக்குநருக்கு யாரைப் பிடிக்கும் என்று உங்கள் கையில் இல்லாத பத்து விஷயம் கலந்திருக்கும். ஏ.எம்.ராஜாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பதுகளில் ஜெமினி கணேசனின் குரல் என்றாலே அவர்தான். அறுபதுகள் தொடங்கியதும் அந்த இடம் மெல்ல பி.பி.ஸ்ரீநிவாஸ் பக்கம் போய்விட்டது. ராஜாவின் குரலுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதே பட்டுதான்.

ஆனால் அதே ராஜா 1959-ல் ஸ்ரீதரின் 'கல்யாண பரிசு' படத்துக்கு இசையமைத்தார். அடுத்து 'விடிவெள்ளி', 'தேன் நிலவு'. மூன்றே வருடம், ஸ்ரீதருக்கு மூன்றே படம். இன்றைக்கும் உங்கள் கொடைக் கச்சேரியில் 'வாடிக்கை மறந்ததும் ஏனோ' பாடாமல் பழைய பாடல் வரிசை முடியாது என்று எனக்குத் தெரியும். அதைப் பாடுகிறவர் ராஜாவின் குரலில் பாடுவதில்லை. மெட்டு மட்டும் வாய்க்கு வாய் மாறி அறுபது வருடத்துக்கு மேலாக வந்துகொண்டிருக்கிறது. ராஜாவைப் போலப் பாடகராகப் பெயரெடுத்துவிட்டு மெட்டுப் போட வந்தவர்கள் நம் சினிமாவில் குறைவு. எம்.எஸ்.விஸ்வநாதன் எஸ்.எம்.சுப்பையா நாயுடு, சி.ஆர்.சுப்பராமன் என்று பெரியவர்களிடம் உதவியாளராக இருந்து வந்தவர். இளையராஜா 1976-ல் தனியாக வருவதற்கு முன் ஜி.கே.வெங்கடேஷிடம் வேலை பார்த்தார். ரஹ்மான் மற்ற இசையமைப்பாளர்களுக்குக் கீபோர்டு வாசித்து வளர்ந்தவர். மூன்று பேருமே பின்னால் தங்கள் மெட்டைத் தாங்களே பாடியும் பெயர் வாங்கினார்கள். மெட்டிலிருந்து பாட்டுக்குப் போகிற திசையில் வழி அகலம். எதிர்த்திசையில் குறுகல், அடைபடவில்லை.

உங்களுக்கு நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கச் சொல்வது பவதாரிணியைத்தான். 'பாரதி' படத்தில் 'மயில் போல பொண்ணு ஒண்ணு' பாடியதற்குத் தேசிய விருது. 2002-ல் ரேவதி இயக்கிய 'மித்ர் மை ஃப்ரெண்ட்' படத்துக்கு இசை. இரண்டும் ஒரே பெண். அவர் வீட்டில் இசை இருந்தது, உங்களுக்கு அது இல்லை, அந்த வித்தியாசத்தை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. பெண் பாடினால் கைதட்டுகிற ஊர், பெண் மெட்டுப் போடுகிறாள் என்றால் "யார் உதவி செய்தது?" என்று கேட்கும். பத்து வாத்தியக்காரர்களுக்கு முன்னால் நின்று "இல்லை, அந்த இடம் நான் சொன்ன மாதிரி வேண்டும்" என்று சொல்ல உங்களுக்குத் தெம்பு வேண்டும். அந்தத் தெம்பு நோட்ஸ் தெரிந்தால் தானாக வரும். ஸ்டாஃப் நொடேஷன் என்கிற மேற்கத்திய இசைக்குறிப்பைப் படிக்கவும் எழுதவும் கற்றுக்கொள்ளுங்கள். சென்னையில் வயலின்காரர்கள் அதைப் பார்த்துத்தான் வாசிப்பார்கள். நீங்கள் பாடிக் காட்டிக்கொண்டிருந்தால் மணிக்கணக்கில் வாடகை ஏறும்.

என் யோசனை, மெட்டை முன்னால் வையுங்கள். பாட்டு அதன் பின்னால் வரும். உங்கள் மெட்டுக்கு முதல் குரல் எப்போதும் நீங்கள்தான், யாரும் கூப்பிட வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும். பாடுகிறவர்கள் மெட்டுப் போடும்போது தங்கள் குரலுக்குச் சுகமான இடத்திலேயே சுற்றிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் அனுப்பிய மெட்டிலும் அது தெரிகிறது. உங்கள் ஐந்தரைக் கட்டைச் சுருதிக்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. எஸ்.பி.பி. 1991-ல் 'சிகரம்' படத்துக்கு இசையமைத்தபோது, 'அகரம் இப்போ சிகரமாச்சு' மெட்டைத் தான் பாடாமல் ஜேசுதாஸிடம் கொடுத்தார். இந்தியாவே கொண்டாடிய பாடகர், அவரே அந்தப் படத்தின் நாயகன், அவரே இசை. இருந்தும் அந்த மெட்டு வேறு குரலைக் கேட்டது, கொடுத்துவிட்டார். நீங்களும் இந்த மாதம் ஒரு மெட்டை ஆண் குரலுக்கென்றே போடுங்கள், ஒன்றை எட்டு வயதுப் பிள்ளை பாடுவதற்குப் போடுங்கள். குழுவில் இருக்கிறவர்களைப் பாட வைத்துப் பாருங்கள். இன்னொன்றும் செய்யலாம். ஏதாவது படத்தில் மூன்று நிமிடக் காட்சியை ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்து, அதற்குப் பின்னணி இசை போட்டுப் பழகுங்கள். படத்துக்கு இசை என்பது ஐந்து பாட்டு மட்டுமில்லை, ரீரிக்கார்டிங்கில்தான் இசையமைப்பாளரின் பெரும்பாலான இரவுகள் கழியும்.

பாட்டுப் பதிவுக்குப் போகுமுன் குரலில் ஒரு வேலை பாக்கியிருக்கிறது. பத்து வருடம் மேடையில் எக்கோவோடு பாடியிருக்கிறீர்கள். மேடை மைக் உதட்டருகில் இருக்கும், கூட்டத்தைத் தாண்டிக் குரலை எறிய வேண்டும். பூத்தில் இருக்கிற கண்டென்சர் மைக் நீங்கள் எச்சில் விழுங்குவதைக்கூடக் கேட்கும். "ப" வரும் இடத்திலெல்லாம் காற்று முட்டும், வரி தொடங்குமுன் இழுக்கிற மூச்சு குறட்டை மாதிரி பதிவாகும். ஹெட்போனை இரண்டு காதிலும் மூடிக்கொண்டால் சுருதி மெல்ல நழுவும்; பலர் ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டு பாடுவது அதற்காகத்தான். எக்கோ இல்லாமல், தம்புரா மட்டும் வைத்து, பாதிச் சத்தத்தில் தினம் அரை மணி நேரம் கைப்பேசியில் பாடிப் பதிவு செய்து கேளுங்கள். முதல் வாரம் உங்கள் குரலையே உங்களுக்குப் பிடிக்காது. பொறுத்துக்கொள்ளுங்கள். ஜானகியம்மாவின் சங்கதிகள் ஒவ்வொன்றாகக் கழன்று போன பிறகு மிஞ்சுவதுதான் நீங்கள் பூத்துக்குக் கொண்டுபோக வேண்டிய குரல்.

சென்னை விஷயத்தில் நான் உங்கள் அப்பா பக்கம். இப்போதைக்கு. ஒரு பாட்டுக்காக மாதச் சம்பளத்தை விட வேண்டாம். பதிவுக்கு நாலு நாள் விடுப்புப் போட்டு வாருங்கள், வந்த ரயிலில் திரும்பிப் போங்கள். இன்றைக்கு வரிகளும் டிராக்கும் மின்னஞ்சலில்தான் பறக்கின்றன. ஒரு நல்ல மைக், ஒரு கணினி, ஒரு சின்னக் கீபோர்டு இருந்தால் தென்காசியிலிருந்தே பாதி வேலை நடக்கும். உதவியாளராகச் சேர ஓர் இசையமைப்பாளர் கூப்பிட்டு, மாதம் இவ்வளவு என்று சொன்னால் அன்றைக்கு வேலையை விடுவது பற்றிப் பேசலாம். ஆடிட்டர் அலுவலகத்தில் கற்றுக்கொண்டதும் வீண் போகாது. டி.டி.எஸ். என்று சம்பளத்தில் வரி பிடித்தார்களா, அதைக் கட்டினார்களா என்று பார்க்கத் தெரியாமல் வருடக்கணக்கில் ஏமாந்த பாடகிகள் எங்களில் நிறைய.

வரும்போது தனியாக வராதீர்கள். இரவுப் பதிவு என்றால் அங்கே யார் யார் இருப்பார்கள், எத்தனை மணிக்கு முடியும், திரும்ப வண்டி உண்டா என்று கேளுங்கள். இப்படிக் கேட்பதால் வாய்ப்புப் போகுமானால் அந்த இடத்துக்கு நீங்கள் போகாமலிருப்பதே நல்லது. பாட வைக்கிறேன், பணம் கொடு என்று யார் கேட்டாலும் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள். நிஜமான வேலையில் காசு உங்கள் பக்கம்தான் வரும்.

அப்பாவுக்கு இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டுங்கள். அவர் வேண்டாம் என்று சொல்வது பாட்டையா, சென்னையையா, இந்த இரண்டு பக்கத் தாளையா என்று கேளுங்கள். தாளைத்தான் என்று அவர் சொன்னால் அவர் பயந்தது சரி.

மாற்றிய ஒப்பந்தம் வந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்பி வையுங்கள், பார்க்கிறேன். அப்புறம் ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் அனுப்பிய பதிவு முதல் சரணம் முடிந்ததும் நின்றுவிடுகிறது. யாரோ உங்களைக் கூப்பிடுகிறார்கள், "இதோ வர்றேன்" என்கிறீர்கள், அத்தோடு முடிந்துபோகிறது. அதற்கு இரண்டாவது சரணம் இருக்கிறதா?